நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்தில்
அந்த ஓட்டலின் இரண்டாம் மாடி ஹால்.
களியக்காவிளை பஸ் கடக்கும்போதெல்லாம்
ஜன்னல் சீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துப் போனார்கள்:
கழுத்தில் அட்டை தொங்க இருபத்திரண்டு பேர்,
எம்.பி., எம்.எல்.ஏ. ஆபீஸ்களில் தட்டச்சு செய்பவர்கள்.
திரையில்
'தேசப் பாதுகாப்பு: முற்போக்குப் பார்வைகள்',
கீழே ஒரு பீரங்கி.

டெல்லியிலிருந்து வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும்.
அடுத்த ஸ்லைடில் பீரங்கியைக் காணவில்லை.
"உங்கள் ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
பத்தொன்பது வருஷமாகச் சிபாரிசுக் கடிதம் அடிக்கிறேன்,
பயத்தை யாரும் எனக்கு டிக்டேஷன் தந்ததில்லை.
கடைசியில் அருமனை ராபின்சிங் எழுந்து
"ரப்பர் வெலை" என்றார்.
சிரித்தோம். அவள் சிரிக்காமல் பலகையில் எழுதினாள்.
அதன்பின் மணல் லாரி, கடலரிப்பு,
கார்த்திகையில் வரும் காற்று,
பையன் பாக்கெட்டில் கிடந்த மாத்திரை.
பலகை போதவில்லை.

மதியம் இருவர் இருவராக
நாடாளுமன்றத்துக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும்.
விதி தெரிந்ததுதான்:
நூற்றைம்பது சொற்களுக்கு மிகக் கூடாது.
வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது.

என் ஜோடி தூத்தூர் டெல்பின்.
புதிதாகச் சேர்ந்தவள்,
இரண்டு விரலால் கீபோர்டைக் கொத்துகிறாள்.
தங்கலுக்குப் போன ஒரு போட்டைப் பற்றி எழுதினாள்.
கரையிலிருந்து இருநூறு நாட்டிக்கல் மைல்,
வயர்லெஸ் எட்டுவது அதில் கால்வாசி.
எச்சரிக்கை கரைக்கு வந்த நேரம்,
ஹெலிகாப்டர் திரும்பிப் போன தூரம்.
பிறகு ஆட்கள்.

எண்ணினேன்: நூற்று எழுபத்தொன்று.
கத்திரி என் கைக்குப் பழகியது.
பிரிட்டஸ், ஏசுபாலன், கிளீட்டஸ், வின்சோ,
லூர்துராஜும் அவன் தம்பி சகாயபவுலும்,
சமையலுக்குப் போன பதினேழு வயசு ஜெபின்,
அஸ்ஸாமிலிருந்து வந்த இருவர்
எல்லாவற்றையும் அழித்து
'ஒன்பது மீனவர்கள்' என்று போட்டேன்.
கணக்குக்குள் வந்துவிட்டது.

"அண்ணே, வின்சோ எங்க அக்கா மாப்பிளயாக்கும்."
டெல்பின் சொன்னதில்
வாதம் இல்லை, ஊகம் இல்லை, கிண்டலும் இல்லை.

மேலே ஒரு கட்டம் காலி: எந்த அமைச்சருக்கு?
பாதுகாப்பு என்றால் மீன்வளத்துக்குத் தள்ளும்.
மீன்வளம் வானிலைக்கு.
வானிலை, நாங்கள்தான் சொன்னோமே என்னும்.
போட்டு ஒதுங்கியது வேறு தேசத்துத் தண்ணீர் என்றால் வெளியுறவு.
'இவ்வமைச்சகத்துக்குத் தொடர்புடையதல்ல' என்று வந்த தாள்கள்
எங்கள் ஆபீசில் ஒரு அலமாரி நிறைய.

டெல்லிக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை.
பாதுகாப்புக்கே போடுங்கள், திருப்பி அனுப்பட்டும்.
எத்தனை தடவை திருப்பினீர்கள் என்று
அடுத்த கேள்வியில் கேட்போம்."
அதற்குள் டீயும் பழம்பொரியும் வந்துவிட்டன.

சாயங்காலம் சான்றிதழ்.
ஞானசிகாமணி என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
திருத்தித் தந்தால்தான் போவேன் என்று
பிரிண்டர் பக்கத்திலேயே நின்றேன், அரைமணி நேரம்.
டெல்பின் பையை மாட்டிக்கொண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி வீட்டில் அந்தத் தாளைத் திறந்தேன்.
பெயர் கூடாதென்று அன்று சொன்ன விதியில் இல்லை.
'மாண்புமிகு' போனது.
'தயைகூர்ந்து' போனது.
'அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, ஆமெனில், அதன் விவரங்கள் யாவை'
இத்தனை வருஷம் சோறு போட்ட வரி,
அதையும் எடுத்தேன்.
பிரிட்டஸ் ஏறினான். ஏசுபாலன் ஏறினான்.
ஜெபினுக்கு வயசோடு இடம் கிடைத்தது.

பதினொன்றரைக்கு டெல்பினுக்கு மெசேஜ் போட்டேன்:
அஸ்ஸாம்காரங்க பேரு என்ன?
தெரியல்லண்ணே, ஏஜெண்டுகிட்ட கேட்டுச் சொல்லுதேன்.

நூற்று நாற்பத்தெட்டில்
நிறுத்தி வைத்திருக்கிறேன்.